கோஷம் போட்டால் காய்ச்சல் இறங்குமா?

அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் கோஷம் போட்டுப் போராடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து "கோஷம் போட்டால் காய்ச்சல் இறங்குமா?" என்கிறார் டாக்டர். என் நட்பு வட்டத்திலேயே எத்தனை சிரிப்புக்குறி!

இறங்கும் சார். இறங்கியிருக்கிறது. வேல்ஸில் டிரெடிகர் சுரங்கத் தொழிலாளர்கள் கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துச் சேர்த்துத் தங்களுக்கு வைத்தியம் பார்க்க ஏற்பாடு செய்துகொண்டார்கள். அந்த ஊர்க்காரர் அனூரின் பெவன், அவரும் சுரங்கத்துக்குள் இறங்கியவர்தான், அமைச்சராகி 1948-ல் பிரிட்டன் முழுவதற்கும் அரசே செலவை ஏற்கும் மருத்துவத்தைக் கொண்டுவந்தார். சத்தீஸ்கரின் தல்லி ராஜராவில் 1977 துப்பாக்கிச் சூட்டில் செத்த தொழிலாளர்களின் நினைவாக, இரும்புச் சுரங்கத் தொழிலாளர்கள் 1983-ல் ஷஹீத் (தியாகி) ஆஸ்பத்திரியைத் திறந்தார்கள். காசும் அவர்களுடையது, உழைப்பும் அவர்களுடையது. யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை.

'எல்லோருக்கும் வைத்தியம் பார்க்கக் காசு எங்கிருந்து வரும்?' என்பீர்கள். நியாயமான கேள்விதான். நாம் எல்லோரும் கட்டும் வரியிலிருந்து. அதை 'இலவசம்' என்று சொல்லும்போதுதான் எனக்கு எரிகிறது. 'டாக்டர்களும் தூங்காமல் உழைக்கிறார்களே?' யார் இல்லையென்றது? ஆனால் போராட்டம் கேவலம் என்றால், கனடாவின் சஸ்காச்சுவானில் அரசு மருத்துவக் காப்பீட்டை எதிர்த்து 1962-ல் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தது யாராம்? டாக்டர்கள்தான்!

சரி, என் கதைக்கு வருகிறேன். அப்பா கல் உடைக்கும் கிரஷரில் இருந்தவர். வேலை முடிந்து வந்தால் கண் இமைகூட வெள்ளையாக இருக்கும். மூக்கில் கட்டிய துண்டை உதறினால் வாசலே புகையும். இருமல் வந்ததும் டிபி என்றார்கள். சளியில் கிருமி இல்லை, ஆனாலும் மாத்திரை. அது முடிந்ததும் இன்னொரு சுற்று மாத்திரை. நுரையீரலில் கல்தூசி, சிலிக்கோசிஸ், குணமாகாது என்று தெரிந்தபோது அவரால் படுக்கக்கூட முடியாது. சுவரில் சாய்ந்தே தூங்குவார். 'என்ன வேலை பார்க்கிறாய்?' என்று நோயாளியிடம் கேளுங்கள் என இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி எழுதி முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்பாவின் சீட்டில் வயது, எடை, பீடிப் பழக்கம் எல்லாம் இருக்கிறது. தொழில் என்ற இடத்தில் வெறும் கோடு.

அப்பாவுக்குக் கோஷம் போடத் தெரியாது. கேள்வியே கேட்கமாட்டார். கும்பிட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். உங்களுக்குப் பிடித்த மாதிரியான நோயாளி.

சிரிப்புக்குறி போட்டவர்களில், அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு என்னோடு பஸ்ஸில் வந்தவனும் இருக்கிறான். அவனைத்தான் சொல்கிறேன் என்று அவனுக்குத் தெரியும்.