உயிரோடு இருந்தவருக்கு ஓர் ஒப்பாரி

(பாம்பன், சின்னப்பாலம் கடற்கரை. காலை நேரம். நீர் இன்னும் வற்றவில்லை. கடல்பாசி எடுக்க வந்த இருவர் மணலில் உட்கார்ந்து, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். ராக்குவுக்கு ஒப்பாரியில் பெரிய பேர்; சுற்றுவட்டாரத்தில் சாவு விழுந்தால் சங்குக்காரருக்கு முன்னால் அவருக்குத்தான் ஆள் வரும். நம்புசெல்வி அவருடைய நாத்தனார். தன் கண்ணில் தண்ணீர் தெரிந்தால் அது கடல் தண்ணீர் என்று சாதிக்கிற ரகம்.)

நம்புசெல்வி: என்ன மதினி, இன்னும் கடலில் கால் வைக்கவில்லை, அதற்குள் கண் இப்படிச் சிவந்து கிடக்கிறது?

ராக்கு: ராத்திரி டிவியில் பாசமலர் போட்டான்.

நம்புசெல்வி: தெரியுமே. தெருவே கூடிவிட்டதே.

ராக்கு: நானா கூப்பிட்டேன்?

நம்புசெல்வி: அண்ணனுக்கு நெஞ்சு கரிக்கிறது என்று சாயங்காலம் சொல்கிறாய். ராத்திரி உன் வீட்டிலிருந்து ‘ஐயோ அண்ணே’ என்று ஓலம் வருகிறது. நான் என்ன நினைப்பேன்?

ராக்கு: நெஞ்சு கரித்தது நண்டுக்குழம்பால். அந்த மனுசன் மூன்று தட்டு சாப்பிட்டார். அப்புறம், ஓலமிட்டது ‘அண்ணே’ என்றுதானே? உன் அண்ணன் எனக்கு அண்ணனா? அதையாவது யோசித்திருக்க வேண்டாமா?

நம்புசெல்வி: சாவு வீட்டில் முறை பார்த்துக்கொண்டா நிற்பார்கள்? வந்து பார்த்தால் நீ தலைவிரி கோலமாக உட்கார்ந்திருக்கிறாய். அண்ணன் வாயைத் திறந்துகொண்டு பாயில் கிடக்கிறார்.

ராக்கு: கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் தூங்குகிறார். அதற்காக மாரில் அடித்துக்கொண்டு பாட ஆரம்பித்துவிடுவாயா? ‘தீபாவளிக்குச் சேலை எடுத்துத் தந்த சிங்கமே’ என்று நீ இழுக்கும்போது, அவரே எழுந்து உட்கார்ந்து, ‘அந்தச் சேலை உன் மதினி எடுத்தது, எனக்கு நிறம்கூடத் தெரியாது’ என்றாரா இல்லையா?

நம்புசெல்வி: செத்தவர் பேசினால் யாருக்குத்தான் பயம் வராது? எதிர்வீட்டு அக்கா மயங்கியே விழுந்துவிட்டார்.

ராக்கு: காசு கொடுத்து வாங்கிய குடிதண்ணீர், ஒரு குடம் அப்படியே அவர் தலையில் போயிற்று. தெளிந்ததும் என்ன கேட்டார் தெரியுமா? ‘சாவித்திரி செத்தாச்சா, இன்னும் இருக்கா?’ அப்புறம் வந்த கூட்டம் மொத்தமும் உட்கார்ந்து படத்தை முடித்துவிட்டுத்தான் போனது. துக்கத்துக்கு வந்தவர்களைச் சும்மா அனுப்பலாமா? நான் வரக்காப்பி வேறு போட்டேன்.

நம்புசெல்வி: 1961-ல் வந்த படம் மதினி! சிவாஜி போய்விட்டார், சாவித்திரி போய்விட்டார், எடுத்த பீம்சிங்கும் போய்விட்டார். கடைசியில் அண்ணனும் தங்கையும் சாவார்கள் என்று உனக்கு மனப்பாடம். இந்தத் தடவை பிழைத்துவிடுவார்கள் என்றா பார்த்தாய்?

ராக்கு: ஒவ்வொரு தடவையும் பிழைத்துவிடுவார்கள் போலத்தான் இருக்கிறது, நம்பு.

நம்புசெல்வி: அதெல்லாம் கிளிசரின்.

ராக்கு: கிளிசரின் போட்டது அவர்கள் கண்ணில். என் கண்ணில் யார் போட்டது?

நம்புசெல்வி: வயலின்காரன் போட்டான். நான் இதில் ஏமாற மாட்டேன். முதல் சீனிலேயே அம்மா இருமினால் இடைவேளை தாண்ட மாட்டாள். கர்ச்சீப்பில் ரத்தம் வந்தால் இடைவேளைகூட இல்லை. குடும்பமே வட்டமாக உட்கார்ந்து நிலாச்சோறு சாப்பிட்டால் ஒருத்தன் லாரியில் அடிபடுவான். ‘அடுத்த வாரம் ஓய்வு, அப்புறம் பேரனோடுதான்’ என்று சொல்கிற போலீஸ்காரரைப் பார்த்தால் எனக்கே எச்சரிக்கலாம் போல இருக்கும்.

ராக்கு: அந்த மாதிரிப் படங்களுக்கு நான் எங்கே அழுதேன்? போன மாதம் ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறிப் போய் ஒரு படம் பார்த்தேனே, ‘தாய்க்குலம் கொண்டாடும் காவியம்’ என்று போஸ்டர் ஒட்டியிருந்தானே, அதில் மொத்தம் நாலு சாவு. ஒரு சொட்டு வரவில்லை. காசு வீண்.

நம்புசெல்வி: யார் காசு?

ராக்கு: ... சரி, அதை விடு. நான் சொல்ல வந்தது என்னவென்றால், அதை எடுத்தவனுக்குத் தொழில் தெரியவில்லை. செத்ததைக் காட்டினால் அழுவார்கள் என்று நினைக்கிறான். நான் எத்தனை பந்தல் பார்த்தவள்! ‘போயிட்டியே, போயிட்டியே’ என்று நீட்டிப் பாடு, ஆம்பளைகள் பீடி பற்றவைக்க ஒவ்வொருவராக நழுவிவிடுவார்கள். ‘கொடியில் போட்ட சட்டை இன்னும் காயலையே ராசா’ என்று ஒரே ஒரு வரி போடு. பற்றவைத்த பீடி கையிலேயே அணைந்துபோகும்.

நம்புசெல்வி: சட்டைக்கா அழுவார்கள்?

ராக்கு: சட்டைக்குத்தான். பாசமலரில் கண் தெரியாத சிவாஜி தங்கச்சியிடம் கடைசியில் என்ன சொல்கிறார்? ‘கை வீசம்மா கை வீசு.’ குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது நாம் எல்லோரும் சொல்கிறதுதான். எனக்கு அந்த இடத்தில்தான் போய்விடும். அந்த இன்னொரு படம், பாலுமகேந்திராவுடையது, மூன்றாம் பிறை...

நம்புசெல்வி: 1982. ஸ்ரீதேவிக்குப் பழசு மறந்துபோய் ரயில் ஏறிவிடும்.

ராக்கு: வருஷம்கூட ஞாபகம் வைத்திருக்கிறாய், நீ பார்க்க மாட்டாய்! அங்கே கமல் வசனமா பேசினார்? வீட்டில் அந்தப் பிள்ளையைச் சிரிக்கவைக்க ஆடிய குரங்காட்டத்தை, மழையில், சேற்றில், அடிபட்ட காலோடு ஆடிக் காட்டுகிறார். அவள் யாரோ பைத்தியம் என்று நினைத்துச் சாப்பாட்டை வீசுகிறாள். விளையாட்டைக் கொண்டுவந்து அழவைக்கிறான் பார், அவன் தொழில்காரன். என்னோடு வந்தால் கேதத்துக்குக் கூட்டிப் போவேன்.

நம்புசெல்வி: என் மகன் இந்தச் சீனையெல்லாம் வெட்டி, பின்னால் வடிவேலு சிரிப்பை ஒட்டி வாட்ஸ்அப்பில் போடுகிறான். கேட்டால் ‘ஓவர் ஆக்டிங்’ என்கிறான்.

ராக்கு: போன வாரம் நாய்ப் படம் பார்த்துவிட்டு ராத்திரி சோறு வேண்டாம் என்றவன் யார்?

நம்புசெல்வி: வயிறு சரியில்லை என்றான்.

ராக்கு: வயிறு சரியில்லாதவன் தெருநாய்க்கு எதற்கடி பிஸ்கட் போடுகிறான்? எங்கள் அப்பத்தா பரவாயில்லை. அது தனுஷ்கோடிக்காரி. 1964 புயலில் வீடு, வலை, ஆடு எல்லாம் போயிற்று. அதைச் சொல்லும்போது ஏதோ ரேஷன் கடைக் கணக்கு மாதிரி சொல்லும். அந்தப் புயல் சமயத்தில் ஜெமினியும் சாவித்திரியும் ராமேஸ்வரத்துக்கு வந்திருந்தார்கள் இல்லையா, அந்தக் கதைக்கு வந்துவிட்டால் போதும், முந்தானையை எடுத்துவிடும். ‘பாவம், அந்தப் புள்ள பயந்திருக்கும்’ என்று.

நம்புசெல்வி: வீடு போனதற்கு அழாமல் சாவித்திரிக்கா?

ராக்கு: வீடு போன அன்றைக்குப் பிள்ளைகளுக்குக் கஞ்சி தேடுமா, அழுமா? சினிமாக் கொட்டகையில்தான் ஒருத்தரும் அதனிடம் கஞ்சி கேட்கவில்லை.

(நம்புசெல்வி பதில் சொல்லாமல் நீச்சல் கண்ணாடியை எச்சில் தொட்டுத் துடைக்கிறாள். தேவைக்கு மேலேயே துடைக்கிறாள்.)

ராக்கு: உப்புக்காற்றா?

நம்புசெல்வி: உப்புக்காற்றுதான்.

ராக்கு: சரி சரி. ஏ நம்பு, ஒன்று கேட்கிறேன். ராத்திரி நீ பாடியதை நானும் கேட்டேன். குரல் இருக்கிறது, சரக்கு இல்லை. ‘சிங்கமே, தங்கமே’ எல்லாம் வேலைக்கு ஆகாது. நாளைக்கு நான் போனால் நீதான் பாடவேண்டும். என்ன வரி போடுவாய்?

நம்புசெல்வி: சின்ன விஷயமாகத்தானே இருக்கவேண்டும்?

ராக்கு: ஆமாம். நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்ததாக இருந்தால் இன்னும் நல்லது.

நம்புசெல்வி: (குரலை ஏற்றி) ‘படம் பார்க்கப் போகணும்னு வாங்கின இருநூறு ரூபாயைத் திருப்பித் தராமலே போயிட்டியே மதினி...’

ராக்கு: அடியே, மெதுவாக! அதைப் பாடாதே. உன் அண்ணனுக்குத் தெரியாது.

நம்புசெல்வி: பந்தலே அழும் மதினி.

ராக்கு: பந்தல் அழாது, உன் அண்ணன் அழுவார். பாசி எடை போட்டதும் நாளைக்குத் தந்துவிடுகிறேன், வரியை மாற்று.

நம்புசெல்வி: சரி. அதுவரைக்கும் செத்துவைக்காதே. வா, நீர் வற்றிவிட்டது.