லிலியந்தாலைத் தியாகி ஆக்காதீர்கள்

பெர்லினில் ஓட்டோ லிலியந்தாலின் கல்லறையில் 'தியாகங்கள் செய்தே ஆகவேண்டும்' என்று பொறித்திருக்கிறார்கள். சாகும்போது அவர் சொன்னதாம். எனக்கு அந்த வாசகம் துளியும் பிடிக்காது. கணக்குப் போட்டு, அளந்து பார்த்து, எஞ்சின் இல்லாத கிளைடரில் பறந்த ஒரு ஜெர்மன் இன்ஜினியரை, ஆசைப்பட்டு உயிரை விட்டவராக அது மாற்றிவிடுகிறது.

1848-ல் பிறந்தவர். பாய்லர், நீராவி இயந்திரம் செய்யும் தொழிற்சாலை நடத்தினார். சிறுவயதில் தம்பி குஸ்டாவோடு சேர்ந்து நாரைகள் பறப்பதைக் கவனித்தவர், பிறகு நுனியில் இறக்கையைக் கட்டிச் சுற்றவிடும் 'சுழலும் கை' என்ற கருவியைச் செய்து, வளைந்த இறக்கை எந்தக் கோணத்தில் எவ்வளவு தூக்குவிசை தருகிறது என்று அளந்தார். 1889-ல் எல்லாவற்றையும் புத்தகமாகவே போட்டுவிட்டார். முதலில் அளவு, அப்புறம்தான் பறத்தல். 1891-ல் முதல் தாவல்கள் சுமார் 25 மீட்டர். பின்னாளில் ரைனோ குன்றுகளில் 250 மீட்டர் வரை போனார். நடுவில், பழகுவதற்கென்று பெர்லின் லிக்டர்ஃபெல்டேயில் ஒரு செயற்கைக் குன்றையே கட்டிக்கொண்டார்! எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் எதிர்த்து ஓடிக் குதிக்கலாமே.

குறையும் இருந்தது. கிளைடரில் தொங்கிக்கொண்டு காலை இப்படியும் அப்படியும் வீசித்தான் சமநிலை காத்தார். 1896 ஆகஸ்ட் 9 அன்று அது போதவில்லை. கிளைடரின் மூக்கு மேலே தூக்க, தூக்குவிசை போய், சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார். மறுநாள் இறந்தார்.

ரைட் சகோதரர்கள் கிளம்பியதே அந்தச் செய்திக்குப் பிறகுதான். உடம்பை ஆட்டுவதற்குப் பதில் இறக்கையையே முறுக்கினால் என்ன என்று யோசித்தார்கள். ஆனால் 1901-ல் அவர்கள் கிளைடர் கணக்குப்படி தூக்கவில்லை. கணக்குக்கு ஆதாரமாக வைத்திருந்த, லிலியந்தால் அளந்த தூக்குவிசை எண்களின் அட்டவணை மேல் சந்தேகம் வந்தது. உள்ளே காற்றை வேகமாகச் செலுத்தி இறக்கையைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் ஒன்றைக் கட்டி ஏறக்குறைய 200 இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். அவர் பயன்படுத்திய வடிவத்துக்கு அவருடைய அட்டவணை பெரும்பாலும் சரிதான் என்று தெரிந்தது! தப்பு, பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து காற்றின் விசையைக் கணக்கிட எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு பெருக்கிவந்த ஸ்மீட்டன் எண்ணில். 0.005 என்று வைத்திருந்தார்கள், உண்மையில் 0.0033 அளவுதான்.

சரிபார்க்க ஓர் அட்டவணை கையில் இருந்ததால்தானே பிழை எங்கே என்று பிடிக்க முடிந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் பறக்கும் முயற்சியில் இறங்கியவர்களில் லிலியந்தாலே முதன்மையானவர் என்று 1912-ல் வில்பர் ரைட்டே எழுதினார். நம் ஆட்கள்தான் இன்னமும் 'விழுந்து செத்த ஜெர்மன்காரர்' என்று ஒரே வரியில் கடந்துபோகிறார்கள்.