எர்னஸ்ட் லியூக்கைப் பற்றிப் பேசினால் 1986-ஐயும் பேசுங்கள்

எர்னஸ்ட் லியூக் என்ற பெயரை எடுத்தாலே எல்லோரும் நேராக 2000 நவம்பர் 21-க்குப் போய்விடுகிறார்கள். பார்சிலோனாவில், அவர் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில், வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதிக்குத் தனிநாடு கேட்ட ஆயுதக் குழுவான எட்டா அவரைச் சுட்டுக் கொன்ற நாள். மறக்கக்கூடாத நாள்தான். ஆனால் ஸ்பெயினின் சுகாதார அமைச்சராக அவர் செய்த பெரிய காரியம், எல்லோருக்கும் வைத்தியம் உரிமை என்ற சட்டம், அதற்குப் பதினான்கு வருடம் முன்பே முடிந்துவிட்டது. அதைப் பேசத்தான் ஆளில்லை.

பார்சிலோனா இருக்கும் கத்தலோனியா வட்டாரத்துக்காரரான இந்தச் சோஷலிஸ்ட் அடிப்படையில் பொருளாதாரப் பேராசிரியர், வலென்சியாவில் பாடம் நடத்தியவர். சர்வாதிகாரி ஃபிராங்கோ இறந்தபின் 1977-ல் நடந்த முதல் தேர்தலில் ஜெயித்து மாட்ரிட் நாடாளுமன்றத்துக்குப் போனார். அப்போது கத்தலான் சோஷலிஸ்டுகளுக்கு நாடாளுமன்றத்தில் தனிக் குழுவே உண்டு; 1980-லிருந்து அதன் குரல் இவர்தான். 1982-ல் 202 இடங்களோடு ஆட்சியைப் பிடித்த சோஷலிஸ்ட் பிரதமர் ஃபெலிப்பே கொன்சாலெஸ் இவரைச் சுகாதார அமைச்சராக்கினார். பொருளாதாரக்காரரிடம் ஆஸ்பத்திரியா? எனக்கென்னவோ அதுதான் சரியான தேர்வாகப் படுகிறது. யார் பணம் கட்டுவது, யாருக்கு வைத்தியம் கிடைப்பது என்பதில்தானே சிக்கலே இருந்தது.

அதுவரை வேலை பார்த்துச் சந்தா கட்டியவருக்கும் அவர் குடும்பத்துக்கும் காப்பீட்டு வைத்தியம். அதில் சேராத ஏழைக்குத் தர்ம வைத்தியம். சந்தா கட்டியவர் பாடும் சொல்லும்படி இல்லை. டாக்டர் ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம்தான் உட்காருவார். வரிசையில் நிற்பவர்களை அதற்குள் பார்த்து, மருந்துச் சீட்டு எழுதித் தள்ளிவிட வேண்டியதுதான். 1984-ல் வந்த அரசாணை அதை மாற்றியது: டாக்டரும் நர்சும் ஒரே குழுவாக, வாரம் 40 மணி நேரம் வேலை செய்யும் சுகாதார மையங்கள். அப்புறம் 1986 ஏப்ரலில் பொதுச் சுகாதாரச் சட்டம். ஸ்பெயின்காரர்கள் எல்லோருக்கும், அங்கே குடியிருக்கும் வெளிநாட்டவருக்கும் வைத்தியம் உரிமை என்றது. நிர்வாகத்தைத் தன்னாட்சி வட்டாரங்களிடம் விட்டது. மருத்துவர் சங்கங்கள் முறுக்கிக்கொண்டன. எல்லாம் ஒரே நாளில் வந்துவிடவும் இல்லை. செலவு முழுக்கப் பொது வரிக்கு மாற 1990-களின் கடைசி ஆனது. அதைப் பார்க்க அவர் அமைச்சராக இல்லை, 1986-லேயே விலகிவிட்டார்.

பாஸ்க் பிரச்சினையைப் பேச்சுவார்த்தையில் தீர்க்கலாம் என்று அவருக்கு இருந்த நம்பிக்கை வேறு கதை. 1999-ல், எட்டா சண்டை நிறுத்தத்தில் இருந்த சமயம், பாஸ்க் நகரமான சான் செபாஸ்தியானில் தேர்தல் கூட்டம். எட்டா ஆதரவாளர்கள் கூச்சல் போட்டார்கள். மேடையில் நின்றவர் கோபப்படவில்லை. இன்னும் கத்துங்கள், போதவில்லை, கத்துகிற வரைக்கும் கொல்ல மாட்டீர்கள் என்றார். அடுத்த வருடம் அவரையே கொன்றார்கள். அந்தக் கொலையைக் கண்டித்து நடந்த பார்சிலோனா ஊர்வலத்தில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். பிரதமர் அஸ்னாரும் இருக்க, அறிக்கை வாசித்த பத்திரிகையாளர் ஜெம்மா நியெர்கா கடைசியில் தானாக ஒரு வரி சேர்த்தார்: உங்களால் முடியும், தயவுசெய்து பேசுங்கள்.

எட்டா 2011-ல் ஆயுதத் தாக்குதலை நிறுத்தி 2018-ல் கலைந்தது. பேச்சால் முடிந்ததா, போலீஸ் நெருக்கியதால் முடிந்ததா என்று இன்னும் சண்டை ஓயவில்லை. இரண்டும்தான் என்பது என் எண்ணம். அதனால் அந்த விஷயத்தில் லியூக் ஜெயித்துவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். சுகாதாரத்தில் சொல்வேன்; அந்த உரிமையைப் பறித்தபோதும் அது திரும்பி வந்தது. 2012-ல் ராஹோய் அரசு, செலவைக் காட்டி, ஆவணமில்லாத குடியேறிகளில் பெரும்பாலோரைப் பொது வைத்தியத்திலிருந்து வெளியே தள்ளியது. பல வட்டார அரசுகள் அதை ஏற்காமல் அவர்களுக்குத் தொடர்ந்து வைத்தியம் பார்த்தன. 2018-ல் சான்செஸ் அரசு ஆணை போட்டு அவர்களைத் திரும்பச் சேர்த்தது.