ஓபராவுக்கு அவர் வழிதவறி வந்தவர் இல்லை

தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்து படித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் 'ஓவியர் ஒருவர் ஓபராவுக்கு (பாட்டாலேயே நடக்கும் மேற்கத்திய இசை நாடகத்துக்கு) வழிதவறி வந்துவிட்டார்' என்று எழுதியிருப்பதை ஏற்க மனம் வரவில்லை. 1955இல் ஜோஹானஸ்பர்க்கில் பிறந்தவர், வாலிப வயதிலேயே பாரிஸ் போய் ஜாக் லெகாக்கின் நாடகப் பள்ளியில் படித்தவர். மேடை அவருக்குப் புதிதே இல்லை.

கட்டுரை 2005இல் பிரஸ்ஸல்ஸில் அவர் இயக்கிய மோட்ஸார்ட் ஓபராவில் தொடங்குகிறது. அப்புறம் 2010இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில், ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் 'மூக்கு'. சரி. ஆனால் 1998ஐ எப்படி விட்டீர்கள்? இத்தாலிய இசையமைப்பாளர் மான்டெவெர்டியின் ஓபராவை, கிரேக்க வீரன் யுலிசீஸின் கதையை, தென்னாப்பிரிக்காவின் ஹேண்ட்ஸ்பிரிங் பொம்மலாட்டக் குழுவோடு சேர்ந்து போட்டாரே! ஒரு பாத்திரத்துக்கு மரப்பொம்மை ஒன்று, அதை ஆட்டுபவர் ஒருவர், பாடுபவர் இன்னொருவர். யாரும் ஒளிந்துகொள்வதில்லை. பின்னால் திரையில் அவருடைய கரிக்கோட்டுப் படங்கள் நகரும். வரைவார், கேமராவில் ஒரு படம் எடுப்பார், அழிப்பார், அதே தாளில் திரும்ப வரைவார். அழித்த கறை தாளிலேயே நிற்கும்.

இது எனக்கு அந்நியமாகவே படவில்லை. என் தாத்தா கோயில் திருவிழாக்களில் தெருக்கூத்து ஆடியவர். இங்கே அதை 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்பார்கள். இரண்டு பேர் வேட்டியைத் திரையாகப் பிடிக்க, அதன் கீழே முதலில் சலங்கைக் கால் மட்டும் தெரியும். பின்பாட்டுக்காரர்கள் எல்லார் கண்ணுக்கும் எதிரிலேயே நின்று பாடுவார்கள்.

அந்த யுலிசீஸ் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதுங்கள், ஐயா. காத்திருக்கிறேன்.