கிணற்றுத் தவளையும் ஆய்வுகூடக் கதையும்

மாரி தொடங்கியதிலிருந்து யாழ்ப்பாணத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. தவளையைக் கொல்லும் பங்கசை வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் செய்து பரப்பிவிட்டார்களாம். தவளை விழுந்த கிணற்றுத் தண்ணீரைக் குடித்தால் மனிதருக்கும் தொற்றுமாம். இரண்டும் பிழை.

பங்கசு இருப்பது உண்மைதான். கைற்றிட் என்பார்கள். தவளையின் தோலில் ஊன்றி, தோல்வழியே உப்பும் நீரும் சமன்படுவதைக் கெடுக்கும். கடைசியில் இதயம் நின்றுபோகும். மனிதருக்கு அது தொற்றுவதில்லை.

பிறப்பிடம்? 2018 மே மாத 'சயன்ஸ்' இதழில் எவரும் பார்க்கலாம். 234 பங்கசு மாதிரிகளின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டபோது, கொரியத் தவளைகளிலிருந்த வகையில்தான் வேறுபாடு மிக அதிகம். நெடுங்காலம் குடியிருந்த இடத்தில்தான் அப்படி வேறுபாடு குவியும். ஆகவே ஊர் கிழக்காசியா. உலகெங்கும் கொல்லும் வகை கடந்த 50 முதல் 120 ஆண்டுகளுக்குள் கிளம்பியது. காவியது உயிர்த்தவளை வியாபாரம். (கர்ப்பப் பரிசோதனைக்கென்று ஆபிரிக்கத் தவளைகளை ஒருகாலத்தில் நாடுநாடாக அனுப்பினார்கள். ஆய்வுகூடக் கதைக்கு வால் முளைத்தது அங்கேயோ என்னவோ.)

பதிவைக் கேட்டுக் கிணற்றுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். அதுதான் குடிதண்ணீரைக் கெடுக்கும். செத்த தவளை மிதந்தால் வாளியால் அள்ளிவிட்டு, வழமைபோல இறைத்துக் குளோரின் போடுங்கள். குரல்பதிவை மட்டும் தயவுசெய்து அடுத்த குழுவுக்கு அனுப்ப வேண்டாம்.