அம்மாவின் விரல்களும் மூட்டுக்குள் ஓடும் செய்திகளும்

2006-இல் சிக்குன்குனியா பரவியதற்குப் பிறகு, கடலூர் முதுநகரில் எங்கள் தெருவில் யாருக்கு மூட்டு வலித்தாலும் "அந்தக் காய்ச்சலோட மிச்சம்" என்று சொல்லும் வழக்கம் வந்துவிட்டது. என் அம்மாவின் இரண்டு கைகளிலும் விரல்களின் அடிமூட்டுகள் வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பால் பாக்கெட்டைக்கூடப் பிரிக்க முடியாமல் போனபோதும் அதையேதான் சொன்னார்கள். அந்தக் காய்ச்சல் சிலருக்கு மாதக்கணக்கில் மூட்டுவலியை விட்டுச்செல்வது உண்மை என்பதால் நாங்களும் நம்பினோம். எட்டு மாதங்கள் மருந்துக்கடை வலிமாத்திரையிலேயே கழிந்தன. அவருக்கு வந்திருந்தது முடக்குவாதம்.

அந்த எட்டு மாதங்களில் மூட்டுக்குள் என்ன நடந்தது என்பதை அறிந்தபோதுதான் எனக்கு உண்மையான வருத்தம் வந்தது. கிருமியை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்கள், இந்த நோயில் மூட்டை மூடியிருக்கும் சவ்வுக்குள் குவிந்து, செல்களுக்கிடையே செய்தி கடத்தும் சைட்டோகைன் எனப்படும் புரதங்களின் வழியே ஒன்றையொன்று தூண்டிக்கொண்டே இருக்கின்றன. அவற்றுள் டி.என்.எஃப் முக்கியமானது, அது மற்ற செல்களை இன்டர்லூக்கின் 1, இன்டர்லூக்கின் 6 ஆகியவற்றைச் சுரக்க வைக்கிறது, சவ்வு தடித்துக் குருத்தெலும்பை அரிக்கிறது, எலும்பைக் கரைக்கும் செல்களும் விழித்துக்கொள்கின்றன. அம்மாவின் ஓயாத அசதியையும் சோகையையும் நாங்கள் வயதின் கணக்கில் எழுதியிருந்தோம். ஆனால் இன்டர்லூக்கின் 6 கல்லீரலைத் தூண்டி இரும்புச்சத்தை ரத்தத்துக்கு வரவிடாமல் பூட்டிவைப்பதும் சோகைக்கு ஒரு காரணம். இந்த இன்டர்லூக்கின் 6-இன் அளவு விடியற்காலையில் உயர்வதற்கும் காலை நேர இறுக்கத்துக்கும் தொடர்பு உண்டு.

லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1980-களின் இறுதியில், நோயாளிகளின் மூட்டுச் சவ்வுச் செல்களை வளர்த்து, டி.என்.எஃப்-ஐ மட்டும் தடுத்தால் மற்ற புரதங்களும் தணிவதைக் கண்டார்கள். 1992-இல் அந்தத் தடுப்பு மருந்தை நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். 2003-இல் இருவருக்கும் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது கிடைத்தது. இப்போது செல்லுக்குள் செய்தியைக் கடத்தும் ஜாக் நொதிகளைத் தடுக்கும் மாத்திரைகளும் வந்துவிட்டன.

வலிமாத்திரை இந்தச் செய்திப் பரிமாற்றத்தை நிறுத்துவதில்லை. அது வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைக் குறைத்து வலியை அடக்குகிறது, அவ்வளவுதான். எலும்பு அரிபடுவது உள்ளே தொடர்கிறது, அரிபட்ட எலும்பு பழைய வடிவத்துக்குத் திரும்புவது அரிது. அதனால்தான் "வயசானா வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லி ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதை என்னால் பொறுக்க முடியவில்லை. காலை இறுக்கமும் வீக்கமும் ஆறு வாரங்களைக் கடந்தால் ஆன்ட்டி சி.சி.பி., சி.ஆர்.பி. என்ற ரத்தப் பரிசோதனைகளைச் செய்து, மூட்டுவாத மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். நமக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரி ஜிப்மரில் இதற்கான தனித் துறை இருக்கிறது.

அம்மாவுக்கு டி.என்.எஃப்-ஐத் தடுக்கும் விலையுயர்ந்த ஊசிகள் தேவைப்படவில்லை. மெத்தோட்ரெக்சேட்டிலேயே வீக்கம் வடிந்தது. வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போட வேண்டிய மருந்து அது, தவறுதலாகத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே தினசரி நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைத் தாளைக் கிழிக்கும் முன் அதில் ஒரு கோடு போடுகிறார். இடது கைச் சுண்டுவிரல் மட்டும் வளைந்தபடியே நின்றுவிட்டது.