கிரீன் பேங்க்: மின்சாரமும் இணையமும் இல்லாத ஊரா?

“அமெரிக்காவில் ஓர் ஊரில் மின்சாரம், தொலைபேசி, இணையம் எல்லாமே தடை, செல்போனை ஆன் செய்தால் சிறை” என்றொரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு.

அது மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்க். நகராட்சி கிடையாது, போகஹான்டஸ் கவுண்டி (மாவட்டம் போன்றது) நிர்வாகத்தில் உள்ள சிற்றூர். 2010 கணக்கெடுப்பில் 143 பேர். வீடுகளில் மின்சாரமும் லேண்ட்லைனும் கேபிள் வழி இணையமும் உண்டு. பல வீடுகளில் வைஃபைகூட ஓடுகிறது.

கட்டுப்பாடு வானொலி அலைக்குத்தான். அங்கே ஒரு வானியல் ஆய்வகமும், விண்ணின் வானொலி அலைகளைப் பிடிக்கும் அதன் 100 மீட்டர் அகல வானொலித் தொலைநோக்கியும் இருக்கின்றன. விண்ணிலிருந்து வரும் மிக நலிந்த சிக்னலைப் பக்கத்து வீட்டு மைக்ரோவேவ் அடுப்பின் கசிவே மூழ்கடித்துவிடும். தொலைநோக்கியின் அருகே டீசல் வண்டி மட்டுமே போகலாம். பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் ஒவ்வொரு முறை பொறி தட்டும்போதும் வானொலி இரைச்சல் கிளம்பும். டீசல் அழுத்தத்திலேயே பற்றிக்கொள்வதால் அந்தப் பொறி வேண்டியதில்லை.

சட்டங்கள் இரண்டு. பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான். 1958இல் வந்த தேசிய வானொலி அமைதி மண்டலம் சுமார் 34,000 சதுர கிலோமீட்டர். அதன் விதி உரிமம் பெற்று ஓரிடத்தில் நிலையாக நிறுவப்படும் டிரான்ஸ்மிட்டர்களுக்கானது (அலைபரப்பிகள்), கைபேசிக்கானது அல்ல. ஊருக்குள் சிக்னல் கிடைக்காததற்குக் காரணம் செல்போன் கோபுரம் இல்லாததுதான். 1956ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் ஆய்வகத்தைச் சுற்றி 10 மைலுக்குள் இடையூறு செய்யும் மின்கருவிகளைத் தடுக்கிறது. மீறினால் நாளுக்கு 50 டாலர் அபராதம். நடைமுறையில், ஆய்வக ஊழியர்கள் அலை வரும் வீட்டைக் கண்டுபிடித்து, பழுதான கருவியைச் சரிசெய்யச் சொல்வார்கள்.